கடைசி இடம் ஆதம்பாவா வீடு

அம்புறோசிடம் யார் எதைக் கேட்டாலும் முதலில் வாயில் வருவது ‘ஓம்’தான். கேட்டது விளங்கியதா, முடியுமா, முடியாதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு ஆறுதலாக வருகிற யோசனை. வான் ஓட்டி, வருகிறவர்களுக்கு மன்னாரைச் சுற்றிக் காட்டிப் பிழைக்கிற மனிதனுக்கு அது ஒன்றும் கெட்ட பழக்கமில்லை. ஆனால் 2017ஆம் ஆண்டு மாசி மாதத்தில் அந்த ஓம் அவரை வசமாக மாட்டிவிட்டது.

புத்தளத்திலிருந்து காமில் என்று ஒருவர் ரெலிபோன் எடுத்தார்.

“உம்மாவும் நானும்தான் அண்ணே. சனிக்கிழமை காலைல பஸ்ஸில வந்து இறங்குறம். கோட்டை, பெருக்க மரம், தலைமன்னார் எல்லாம் காட்டி, பின்னேரம் ஆறு மணி பஸ்ஸுக்குக் கொண்டுவந்து விடணும்.”

“ஓம்.”

“கடைசியா ஒரு வீடு பார்க்கணும். உம்மாட வீடு, தொண்ணூறில விட்டுட்டுப் போனது. பள்ளிவாசலுக்குப் பின்னால, உம்மாட வாப்பாட பேரில ஆதம்பாவா வீடு எண்டு சொன்னா ஆக்களுக்குத் தெரியுமாம். உங்களுக்குத் தெரியுமா?”

“ஓம், தெரியும்.”

தெரியாமல் என்ன? அந்த வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் அவர் ரெலிபோனில் கதைத்துக்கொண்டிருந்தார்.

அம்புறோஸ் பிறந்தது வங்காலையில். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் வீடு தரைமட்டமானது. அதே ஆண்டு ஐப்பசியில் மன்னார்த் தீவிலிருந்த முஸ்லிம் சனத்தை நாள் குறித்து வெளியேறச் சொன்னது ஆயுதம் தூக்கியிருந்த இயக்கம். அவர்கள் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு படகேறினார்கள். மூன்று மாதம் கழித்து, மனைவி அருளம்மாவையும் ஐந்து மாதக் குழந்தை அன்ரோனெற்றையும் கூட்டிக்கொண்டு அம்புறோஸ் தீவுக்குள் வந்தார். தங்க இடமில்லை. இந்த வீடு வெறுமையாகக் கிடந்தது. கதவில்லை, யன்னல் இல்லை, ஓட்டில் பாதி இல்லை. யார் கழற்றிக்கொண்டு போனார்கள் என்று அவர் விசாரிக்கவில்லை. விசாரித்தால் தெரிந்த பெயர் ஏதும் வந்துவிடும் என்கிற பயம்.

“கொஞ்ச நாளைக்குத்தான்,” என்றாள் அருளம்மா. அந்தக் கொஞ்ச நாள் இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது.

வீட்டின் நடு அறை வாசலுக்கு மேலே, சுவரில், சீமெந்தால் அரபு எழுத்துப் பதித்துப் பச்சைப் பெயின்ற் அடித்திருந்தது. அந்தக் காலத்தில் சோதனைக்கு ஆமி வந்தால் ஒரு கேள்வி, இயக்கம் வந்தால் இன்னொரு கேள்வி. உடைத்துவிடலாம் என்று அம்புறோஸ் சுத்தியலும் உளியுமாக முக்காலியில் ஏறினார். ஏறி நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். என்ன எழுதியிருக்கிறதென்று தெரியவில்லை. தெரியாததை உடைத்துப் பாவம் தேடுவானேன் என்று இறங்கிவிட்டார். பிறகு பேசாலையிலிருந்து பெரிய திருஇருதயப் படமொன்று வாங்கி வந்து அதற்கு மேலே மாட்டினார். கடவுளை மறைக்கக் கடவுளையே கொண்டுவந்த மனிதர் அவர். அன்றிலிருந்து பின்னேரச் செபம் முழுக்க அந்தப் படத்துக்கு முன்னால்தான்.

அருளம்மா மூன்று வருஷத்துக்கு முன்னர் அதே வீட்டில் செத்துப்போனாள். வந்த சனமெல்லாம் அழுதது. அம்புறோஸ் சனம் உட்காரக் கதிரை இரவல் கேட்டு ஒழுங்கை ஒழுங்கையாக ஓடித் திரிந்தார். முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்தது, அவருக்கு அழுகை வரவில்லை. கனநேரம் சம்மணம் கட்டியிருந்தால் கால் மரத்துப்போகுமே, அப்படித்தான் அவர் மனம் இருந்தது. கால் இருக்கிறதென்று தெரியும், கிள்ளினால் தெரியாது.

இப்போது மகள் அன்ரோனெற் தலைப்பிள்ளைப் பேற்றுக்காக வவுனியாவிலிருந்து தகப்பன் வீட்டுக்கு வந்திருந்தாள். இன்னும் ஐந்து கிழமை இருந்தது. பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் ஒப்பேறாத ஊர் இது. சம்பந்தம் பேசிய அன்று அம்புறோஸ் மாப்பிள்ளை வீட்டாருக்கு இந்த வீட்டைத்தான் காட்டினார். வீட்டு உறுதிப் பத்திரத்தைக் காட்டவில்லை. அவர்களும் கேட்கவில்லை. தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று அவரும் இருந்துவிட்டார்.

ரெலிபோன் வந்த விஷயத்தை அவர் மகளுக்குச் சொல்லவில்லை. வீடு கையைவிட்டுப் போகப்போகிறது, பிள்ளைத்தாய்ச்சியை எங்கே கூட்டிக்கொண்டு போவதென்று தெரியாது. இது அவருக்கு நன்றாக விளங்கியது. விளங்கியும் நெஞ்சு ஒருக்கால் தன்னும் படபடக்கவில்லை. சனிக்கிழமை காலை வானைக் கழுவித் துடைத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனார்.

காமிலுக்கு முப்பது வயதிருக்கும். தாய் உம்மு ஸல்மாவுக்கு அறுபது. வொயில் சேலை, தலையில் முக்காடு, மடியில் புடவைக்கடைப் பையில் சுற்றிய பிஸ்கற் பெட்டி ஒன்று. வானில் ஏறியவர் அதைக் கீழே வைக்கவில்லை.

“பின்னுக்கு வையுங்கோ அக்கா, இடமிருக்கு,” என்றார் அம்புறோஸ்.

“இருக்கட்டும் தம்பி. நொறுங்கிப் போகும். வீட்டில ஆரோ குடியிருக்கிறாங்களாம். வெறுங்கையோட போகக் கூடாதே.”

தன் சொந்த வீட்டுக்குப் போக பிஸ்கற் பெட்டி வாங்கிக்கொண்டு வந்த மனுஷியை அம்புறோஸ் கண்ணாடிக்குள்ளால் ஒருமுறை பார்த்தார். பிறகு வானை எடுத்தார்.

முதலில் கோட்டை. அங்கே அவர் சொல்வதற்கென்று ஒரு பாடம் இருக்கிறது. எட்டு வருஷமாக ஒரு சொல் கூடாமல் குறையாமல் ஒப்பிக்கிற பாடம். “இது போர்த்துக்கேயன் கட்டினது. ஒல்லாந்தன் பிடிச்சான். பிறகு இங்கிலீசுக்காரன் இருந்தான். கட்டினவன் ஒருத்தன், குடியிருந்தவன் இன்னொருத்தன்!” இந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். சிரிப்பதற்காக அவர் ஒரு மூச்சு விடுவார். அன்றும் வாய் தன்பாட்டில் ஒப்பித்துவிட்டது. மூச்சு விட்டபோதுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

காமில் சிரித்தான். உம்மு ஸல்மா சிரிக்கவில்லை. காறை உதிர்ந்த மதிலைத் தடவிக்கொண்டு, “கட்டினவன் பிறகு ஒருநாளும் வந்து பார்க்கேல்லையா தம்பி?” என்று கேட்டார்.

“இல்லை அக்கா. வரேல்ல.”

“பாவம்,” என்றார் அவர்.

பள்ளிமுனைக்குப் போய்ப் பெருக்க மரத்தைப் பார்த்தார்கள். பத்துப் பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரம். காமில் தாயை அதன் முன்னால் நிறுத்திப் படமெடுத்தான். வழக்கமாக அங்கே பத்து நிமிஷம் போதும். அம்புறோஸ் முக்கால் மணித்தியாலம் நின்றார். மரத்தின் வயதைச் சொன்னார், காயைச் சொன்னார், அராபியர் ஒட்டகத்துக்குத் தீனியாகக் கொண்டுவந்தார்கள் என்று சனம் சொல்கிற கதையைச் சொன்னார், பிறகு மரத்தை ஒருமுறை சுற்றி வரச் சொன்னார். திட்டம் ஒன்றும் பெரிதில்லை. பகலை இழுத்தடித்தால் ஆறு மணி பஸ் வந்துவிடும், வீட்டைப் பார்க்க நேரமிராது. அதற்குப் பிறகு என்ன? அதை அவர் யோசிக்கவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடிக்கிற கதைதான்.

தலைமன்னார் றோட்டில் கழுதைக் கூட்டம் மறித்தது. ஹோர்ன் அடித்தால் விலகிவிடும். அவர் அடிக்கவில்லை. “எங்கட ஊர்க் கழுதையளுக்கு அவசரமில்லை,” என்று வானை நிற்பாட்டிவிட்டு, ஒவ்வொன்றாகக் கடக்கும்வரை இருந்தார். பேசாலையில் மாதா கோவிலைக் காட்டினார். காய்கிற கருவாட்டைக் காட்டினார். தலைமன்னாரில் வெளிச்சவீட்டைக் காட்டி, பழைய இறங்குதுறையையும் காட்டி, இராமேஸ்வரத்துக்குக் கப்பல் போன காலத்துக் கதை முழுவதையும் சொன்னார்.

உம்மு ஸல்மா துறையடியில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாங்க போன அண்டைக்குக் கடல் இப்படி இருக்கேல்ல,” என்றார். “மழை. கரையில பிள்ளையள் நாலையும் வச்சுக்கொண்டு படகுக்கு இருந்தன். இவனுக்கு நாலு வயசு. பூனைக்குட்டியைக் கொண்டுவாங்க எண்டு ஒரே அழுகை.”

“எனக்கு ஒண்டும் ஞாபகமில்ல,” என்றான் காமில்.

“உனக்கு ஞாபகமில்லாட்டி நல்லதுதானே.”

அம்புறோஸ் ஓம் என்று தலையாட்டினார். இந்தக் கதை அவருக்குள் எங்கேயும் போய் முட்டவில்லை. கல்லில் ஊற்றிய தண்ணீராக வழிந்து போனது. வெட்கப்படவாவது வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அதுவும் வரவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எருக்கலம்பிட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார். காமில் பள்ளிவாசலில் தொழப் போய்விட்டான். சாப்பாட்டுக்கடையில் உம்மு ஸல்மா பாரை மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தபடி கதைத்தார்.

“கடைசி மகள் நசீறாக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கம் தம்பி. நல்ல இடம். வீடு கேக்கிறாங்க. நாலு பிள்ளை இஞ்ச பிறந்தது, அவள் மட்டும் கற்பிட்டியில ஓலைக் கொட்டிலுக்குள்ள பிறந்தவள். மூத்ததுகளுக்கு எப்படியோ அங்க இங்க பார்த்துச் செய்திட்டன். இவளுக்குக் குடுக்க என்னட்ட இருக்கிறது இந்த வீடு மட்டும்தான். என்ட வாப்பா எனக்குத் தந்தது. உங்களுக்குப் பொம்பிளைப் பிள்ளை இருக்கா?”

“ஓம் அக்கா. ஒண்டு.”

“அப்ப உங்களுக்கு விளங்கும்.”

விளங்கியது. ஒரு வீடு, இரண்டு மகள்கள். இரண்டு பேருடைய கலியாணமும் அந்த ஒரே கூரையில் தொங்குகிறது. அம்புறோஸ் தட்டில் மிச்சமிருந்த சோற்றையும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தார். ருசி தெரியவில்லை.

மூன்றரைக்குத் திரும்பவும் மன்னார்ப் பட்டினத்துக்கு வந்தாயிற்று. இனிக் காட்ட ஒன்றுமில்லை. என்ன சொல்லலாம் என்று அவர் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

“இன்னும் ஒரு இடம் இல்லையா தம்பி?”

அம்புறோசுக்கு நம்ப முடியவில்லை. “இருக்கு அக்கா! பாலத்தடியில பூநாரை நிக்கும். இந்த மாதத்திலதான் வரும்.”

“அப்ப அதையும் பார்த்திட்டுப் போவம்.”

“உம்மா, நேரம் போகுது,” என்றான் காமில். “வீட்டைப் பார்க்கத்தானே வந்தம்? பறவையைப் பார்க்கவா?”

“பார்ப்பமே மகன். வந்தது வந்தாச்சு.”

பாலத்தடியில் பூநாரைகள் தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடாக நின்றன. மூன்று பேரும் றோட்டோரம் நின்று பார்த்தார்கள். காமில் இரண்டு நிமிஷத்தில் அலுத்துப்போய் ரெலிபோனை எடுத்தான். மற்ற இருவரும் அரை மணித்தியாலம் அசையாமல் நின்றார்கள். அந்தப் பறவைகளை இவ்வளவு கரிசனையாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கடைசியில் அவை பறந்து போய்விட்டன. மணி நாலரை. சின்னத் தீவு. எவ்வளவுதான் இழுத்தாலும் ஒரு இடத்தில் முடிந்துதானே ஆகவேண்டும்.

பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒழுங்கைக்குள் வானைத் திருப்பி, வீட்டுக்கு நாலு வேலி தள்ளி நிற்பாட்டினார். இயந்திரத்தை நிறுத்தினார். திரும்பிப் பார்க்காமல், கோட்டையடியில் பாடம் ஒப்பித்த அதே குரலில் சொன்னார்.

“அக்கா, அந்த வீட்டில இப்ப இருக்கிறது நான்தான்.”

காமில் வெடித்தான்.

“என்ன அண்ணே கதைக்கிறீங்க? காலைல சொல்லியிருக்கலாமே! ரெலிபோன்லயே சொல்லியிருக்கலாமே! நாள் முழுக்கக் கழுதையைக் காட்டுறீங்க, கருவாட்டைக் காட்டுறீங்க, எங்கட வீட்டையே வச்சிருந்துகொண்டு...”

“ஓம் தம்பி. சொல்லியிருக்கலாம்.”

“உறுதி எங்கட்டதான் இருக்கு, தெரியுமா?”

“ஓம். என்னட்ட ஒண்டும் இல்லை.”

உம்மு ஸல்மா பிஸ்கற் பெட்டியை மடியில் நேராக வைத்துக்கொண்டார். “சத்தம் போடாத காமில்,” என்றார். பிறகு அம்புறோசிடம், “அதுக்காகத்தானா இவ்வளவு இடம் காட்டினீங்க?”

“ஓம் அக்கா.”

“நானும்தானே கேட்டன், இன்னும் ஒரு இடம் இல்லையா எண்டு.” அவர் முக்காட்டை இழுத்துவிட்டார். “எனக்கும் பயம் தம்பி. இருபத்தாறு வருஷமா வீடு வீடு எண்டு கதைச்சுப்போட்டு, கிட்ட வரக் கால் ஓடேல்ல. சரி, இறங்குங்க. இனி எங்க போறது?”

வான் சத்தம் கேட்டு அன்ரோனெற் வாசலுக்கு வந்து நின்றாள். யாரென்று தெரியாது. தகப்பன் கூட்டிவந்த ஆட்கள், முகம் வாடி நிற்கிறார்கள், அது போதும் அவளுக்கு. இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, “வாங்கோ, உள்ளுக்க வாங்கோ. இருங்கோ, தேத்தண்ணி போடுறன்,” என்றாள்.

உம்மு ஸல்மா அவள் வயிற்றைப் பார்த்தார். பெட்டியை நீட்டினார். “இது உங்களுக்கு மகள்.”

வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தவர் நடு அறை வாசலில் நின்றார். அண்ணாந்து திருஇருதயப் படத்தைப் பார்த்தார். “இதில ஒண்டு இருந்திச்சு,” என்றார் மெதுவாக.

“இருக்கு அக்கா.”

அம்புறோஸ் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். இருபத்தாறு வருஷம் துருப்பிடித்த கம்பி லேசில் விடவில்லை. படத்தைக் கழற்றிக் கைகளில் ஏந்திக்கொண்டு விலகினார். சுவருக்கு அவர் நாலு தரம் பெயின்ற் அடித்திருந்தார். ஒவ்வொரு தரமும் படத்தைக் கழற்றாமல் சுற்றிவரத்தான் அடித்தார். அதனால் வெயிலும் புகையும் படாமல் அந்த எழுத்துகள் நேற்று அடித்த பச்சையில் இருந்தன. காமில் கையிலிருந்த ரெலிபோனைப் படமெடுக்க உயர்த்தினான், பிறகு எடுக்காமல் பைக்குள் வைத்தான்.

உம்மு ஸல்மா வாய்க்குள் வாசித்தார். கண்ணீர் முகவாய் வரைக்கும் வந்தது, அவர் துடைக்கவில்லை.

“என்ன எழுதியிருக்கு அக்கா?” என்று அம்புறோஸ் கேட்டார். இருபத்தாறு வருஷத்தில் இதைக் கேட்க அவருக்கு ஆள் கிடைக்கவில்லை.

“அல்லாஹ்ட பேரைச் சொல்லித் தொடங்குறன் எண்டு. வாப்பா தன்ட கையால பதிச்சது.”

அதற்குப் பிறகு அந்த வீட்டை உம்மு ஸல்மாதான் சுற்றிக் காட்டினார். அம்புறோஸ் ஓம், ஓம் என்றபடி பின்னால் போனார். கூரை வளையில் தொங்குகிற கொளுவியில் அவர் இத்தனை காலமும் வாழைக்குலைதான் கட்டினார். அது பிள்ளையைத் தூங்கவைக்க ஏணை கட்டுகிற கொளுவி. குசினிக்குப் போகிற வழியில் ஒரு படி உயரம் கூடியது, இருபத்தாறு வருஷமாக அவர் கால் விரலைப் பதம் பார்க்கிற படி. அது மழைக்கு வெள்ளம் ஏறாமல் வாப்பா உயர்த்தினது. கிணற்றடியில் உடைந்த கல்லில் அவருடைய உம்மா மீன் கழுவுவா. நடு அறைக்குள் வந்ததும் உம்மு ஸல்மா அன்ரோனெற்றின் கட்டிலைக் கண்டார்.

“இந்த அறையிலதான் நாலு பிள்ளையும் பெத்தனான். இவனும் இஞ்சதான். தலைமாட்டை யன்னல் பக்கம் போடுங்க மகள், பின்னேரக் காத்து நேர வரும். எப்ப நாள்?”

“அடுத்த மாதம் கடைசியில அன்ரி.”

அம்புறோஸ் இன்னும் படத்தை நெஞ்சோடு பிடித்தபடி நின்றார். “அக்கா, எப்ப வாறீங்கள்?” என்றார்.

அன்ரோனெற் தகப்பனைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு வந்தவர்கள் யாரென்று பட்டது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

உம்மு ஸல்மா யன்னலைத் திறந்து பார்த்தார், மூடினார்.

“பிள்ளை பிறந்து நாப்பது கழியட்டும்.”

“உம்மா,” என்றான் காமில், “மாப்பிள்ளை வீட்டார் அடுத்த மாதத்துக்குள்ள முடிவு கேட்டாங்க...”

“பொறுக்கட்டும். நாப்பதுக்குள்ள பிள்ளை பெத்தவளை வீடு மாத்துறதா? என்னை மாத்தினாங்க எண்டு நானும் மாத்துறதா?” பிறகு அம்புறோஸ் பக்கம் திரும்பினார். குரலில் கோபமுமில்லை, குழைவுமில்லை. “நாப்பதாம் நாளைக்குப் பிறகு நான் வருவன் தம்பி. எனக்கும் பிள்ளை இருக்கு. அதுக்கிடையில நீங்க ஒரு இடம் பாருங்க.”

அம்புறோஸ் யோசித்தார். வங்காலையில் அடிமட்டும் மிஞ்சிய வளவை யோசித்தார். பங்குத்தந்தையிடம் போய் நிற்க வேண்டும், மருமகனின் தகப்பனிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் யோசித்து முடித்த பிறகு, “ஓம் அக்கா,” என்றார். அவர் வாயில் ஓம் பின்னால் வந்தது அன்றைக்குத்தான்.

ஆறு மணி பஸ்ஸில் இருவரையும் ஏற்றிவிட்டு வந்தபோது அன்ரோனெற் படத்தைத் துடைத்துக் கதிரையில் சாய்த்து வைத்திருந்தாள். கண் சிவந்திருந்தது. “எங்க கொளுவுறது அப்பா?” என்று கேட்டாள்.

“அங்கயே இருக்கட்டும். இனி இஞ்ச ஆணி அடிக்க வேண்டாம்.”

இருவரும் செபத்துக்கு முழங்காலிட்டார்கள். படம் கதிரையில் இருக்க, பழக்கதோஷத்தில் அம்புறோஸ் வாசலுக்கு மேலேதான் பார்த்தார். வழக்கம்போல முடிவில் அருளம்மாவின் ஆத்துமாவுக்காகச் சொல்ல வேண்டிய செபம் வந்தது. மனைவியின் பெயரைச் சொன்னார், அடுத்த சொல் வரவில்லை.

“கொஞ்ச நாளைக்குத்தான் எண்டவள்,” என்றார் மகளிடம். “கதவில்லாத வீட்டில கடகப்பெட்டியை இறக்கி வச்சிட்டு, கொஞ்ச நாளைக்குத்தான் எண்டு சொன்னவள். அவளுக்கு மட்டும் இதிலயே முடிஞ்சுபோச்சு.”

மரத்த காலில் இரத்தம் திரும்பி ஓடும்போது முதலில் வருவது வலிதான். அம்புறோஸ் மூன்று வருஷம் பிந்தி, மனைவிக்காகச் சத்தம் போட்டு அழுதார். அன்ரோனெற் தகப்பனின் முதுகைத் தடவிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து செபத்தைச் சொல்லி முடித்தாள்.